ஆடாத முள்

எதைப் பார்த்தாலும் தட்டுவார். நடுவிரலை மடக்கி அதன் கணுவால் இரண்டே தட்டு. தட்டிவிட்டு மூக்குக்கண்ணாடியை மேலே ஏற்றிக்கொண்டு, தலையைச் சற்றுச் சாய்த்துக் காத்திருப்பார். ரேஷன் கடைத் தராசு, ரயில் நிலையத்தில் காசு போட்டால் எடைச் சீட்டு துப்பும் இயந்திரம், கல்யாண மண்டபத்துச் சுவர்க்கடிகாரம், எதுவும் அவர் விரலுக்குத் தப்பாது. ஒருமுறை ரேஷன் கடைக்காரருக்குப் பொறுக்கவில்லை.

“இன்னா பெருசு, கதவு மாதிரி தட்டிகினு இருக்க? உள்ள யாரும் இல்ல.”

“இருக்கானான்னுதான் பாக்கறேன்” என்றார் இவர்.

வரிசையில் நின்றவர்கள் எல்லோரும் சிரித்தோம். கடைக்காரர் மட்டும் சிரிக்காமல் தராசுத் தட்டின் அடியிலிருந்து எதையோ எடுத்து மறைத்தார்.

கடலூர் முதுநகரில் எங்கள் வீட்டுக்கு நாலு வீடு தள்ளி அவர் வீடு. ரத்த உறவு கிடையாது, தெரு உறவுதான். நான் மாமா என்பேன், அவர் மாப்ள என்பார். சிப்காட்டில் ஒரு ரசாயனக் கம்பெனியில் பாய்லர் ஓட்டிக்கொண்டிருந்தார். நான் தினமும் சிதம்பரம் போய் அங்கே ஓர் ஆஸ்பத்திரியில் எக்கோ எடுத்துக்கொண்டிருந்தேன். நெஞ்சில் ஜெல்லைத் தடவி ஒரு கருவியை அழுத்திப் பிடித்தால் இதயம் துடிப்பது திரையில் தெரியும். தெரிந்ததை அளந்து எழுத வேண்டும். அளந்து. இந்த ஒரு சொல்லுக்காகத்தான் இத்தனை வருஷம் கழித்து அவரைப் பற்றி எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

பாய்லரில் நீராவியின் அழுத்தத்தைக் காட்ட வட்டமாக ஒரு மீட்டர் இருக்கும். தண்ணீர் எவ்வளவு இருக்கிறதென்று காட்ட ஒரு கண்ணாடிக் குழாய். கொதிக்கிற பாய்லரில் முள் மயிரிழையாவது ஆடும், குழாயில் தண்ணீர் மெல்லத் தளும்பும். ஒரே இடத்தில் அசையாமல் நின்றால் உள்ளே எல்லாம் சரியாக இருக்கிறது என்று புதிதாக வருகிறவன் நினைத்துக்கொள்வான். இவர் நினைக்க மாட்டார். மீட்டர் அடைத்துக்கொண்டது என்பார். “ஆடுற முள்ள நம்பு மாப்ள. ஆடாத முள்ள மட்டும் நம்பாத.” இதை அவர் வாயால் குறைந்தது நூறு தடவை கேட்டிருப்பேன். கேட்டுக் கேட்டுக் காது புளித்துப்போனது.

ஒருமுறை சிதம்பரம் பஸ்ஸில் டிரைவருக்குப் பின் சீட்டில் இருவரும் உட்கார்ந்திருந்தோம். பஸ் பறந்துகொண்டிருந்தது. வேகம் காட்டும் முள் சைபரில் படுத்திருந்தது. இவர் எழுந்து, குனிந்து, கண்ணாடிமேல் இரண்டு தட்டு தட்டினார்.

“ஐயா, முள்ளு செத்துப்போச்சி.”

“நான் டூட்டிக்கு வந்த நாள்லேர்ந்து அது செத்துதான் கெடக்கு. நீ ஒக்காரு பெருசு.”

அவர் உட்காரவில்லை. புதுச்சத்திரத்திலேயே இறங்கிவிட்டார். அடுத்த பஸ்ஸில் வருவதாக ஜன்னல் வழியாக என்னிடம் சொன்னார். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. இறங்குகிற ஆள் யாரோ என்பதுபோல் வேறு பக்கம் பார்த்துக்கொண்டேன்.

இந்தத் தட்டும் பழக்கம் எப்படி வந்தது என்று அத்தைதான், அதாவது அவர் மனைவிதான், என்னிடம் முதலில் சொன்னார். பிறகு அவரே சொன்னார். வாலிபத்தில் வேறொரு கம்பெனியில் இருந்தபோது, இவருக்கு முந்தின ஷிப்ட்டில் ஒரு நண்பர். பாய்லர்காரர்கள் மணிக்கொரு தரம் மீட்டரைப் பார்த்து லாக் புக்கில் அழுத்தத்தை எழுத வேண்டும். நண்பர் ஷிப்ட் தொடங்கும்போதே எட்டு மணி நேரத்துக்கும் சேர்த்துப் பத்து, பத்து, பத்து என்று எழுதி முடித்துவிட்டு பீடி பற்றவைப்பவர். அன்றைக்கு முள்ளும் பத்திலேயே நின்றிருக்கிறது. உள்ளே ஏறிக்கொண்டே போனது வெளியே தெரியவில்லை. குழாய் வெடித்து நீராவி அவர்மேல் பாய்ந்தது. வாழையிலையில் கிடத்தித் தூக்கிக்கொண்டு போனார்கள். இவர் அடுத்த ஷிப்ட்டுக்கு வந்து லாக் புக்கைத் திறந்திருக்கிறார்.

“செத்ததுக்கு அப்புறம் மூணு மணி நேரம் பத்துன்னு எழுதி வச்சிருக்கான் மாப்ள.”

இதைச் சொல்லும்போது அவர் கண் கலங்காது. முகம் சிவக்கும். அவருக்குக் கோபம் கம்பெனிமேல் இல்லை, மீட்டர்மேல் இல்லை, செத்தவன்மேல்தான். “பாக்காம எழுதுனவன்” என்பார். அவர் அகராதியில் அதைவிடக் கெட்ட வார்த்தை எதுவும் இல்லை.

2005இல் ஒருநாள் கம்பெனி இரும்புப் படியில் மயங்கி விழுந்தார். நாடி முப்பத்திரண்டு. சிதம்பரத்துக்கு, எங்கள் ஆஸ்பத்திரிக்கே கொண்டுவந்தார்கள். இதயத்தின் மேல் அறைகள் போடுகிற உத்தரவு கீழ் அறைகளுக்குப் போய்ச் சேரவில்லை. நடுவில் கம்பி அறுந்துபோயிருந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். பேஸ்மேக்கர் வைத்தார்கள். காலர் எலும்புக்குக் கீழே தோலுக்கடியில் தீப்பெட்டி அளவில் ஒரு பெட்டி. அதிலிருந்து ரத்தக்குழாய் வழியாக இதயத்தின் வலது கீழ் அறைக்கு ஒரு கம்பி. பெட்டி நிமிஷத்துக்கு எழுபது தடவை அந்தக் கம்பியில் மின்சாரம் அனுப்பும். மூன்றாம் நாள் ரவுண்ட்ஸ் வந்த எங்கள் டாக்டர் பதறிப்போனார். இவர் கட்டிலில் உட்கார்ந்துகொண்டு பெட்டியைத் தட்டிக்கொண்டிருந்தார்.

“பெரியவரே, அதத் தட்டக் கூடாது!”

“ஓடுதான்னு பாத்தேன் சார்.”

கம்பியின் நுனி எங்கே இருக்கிறது என்று எக்ஸ்ரேயைக் காட்டச் சொல்லி என்னை ஒரு மணி நேரம் படுத்தி எடுத்தார். காட்டினேன். வலது கீழ் அறையின் அடிமூலையில், கூம்பு மாதிரிக் குறுகும் இடத்தில் இருந்தது. அன்றைக்கு எங்கள் பக்கத்தில் பெரும்பாலும் அங்கேதான் வைப்பார்கள். கம்பி தானாகவே போய் உட்காருகிற இடம் அது, சீக்கிரம் வேலை முடியும், நழுவாது. டாக்டர்மேல் ஒரு குற்றமும் இல்லை. அதை இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

“ஒரு பக்க மூலைல குத்திவச்சா அந்தப் பக்கத்துக்கு எப்படிப் போவும்?” என்று கேட்டார்.

எக்கோ எடுக்கிற எனக்குத் தோன்றாத கேள்வி பாய்லர்காரருக்குத் தோன்றியது. நான் டாக்டரைக் கேட்டுவந்து சொன்னேன். இதயத்தின் சொந்தக் கம்பி நடுச்சுவர் வழியாக இறங்கி இரண்டு பக்கமும் பிரிகிறது, அதனால் இரண்டு கீழ் அறைகளும் ஒரே நேரத்தில் சுருங்குகின்றன. இந்தக் கம்பி அப்படி இல்லை. மூலையிலிருந்து சதை வழியாக மெதுவாகப் பரவும். வலது பக்கம் முதலில், இடது பக்கம் கொஞ்சம் பிந்தி. நடுச்சுவர் யார் பக்கம் போவது என்று தெரியாமல் தடுமாறும். பெரும்பாலானவர்களுக்கு இதனால் ஒன்றும் ஆவதில்லை. சிலருக்கு மட்டும், வருஷக்கணக்கில், இடது அறை தளர்ந்துபோகும்.

அவர் இரண்டு கையாலும் காற்றில் முறுக்கிக் காட்டினார். “ஒங்க அத்தையும் நானும் போர்வ பிழியறோம். நான் முறுக்கறப்ப அவளும் முறுக்குனாத்தான் தண்ணி எறங்கும். அவ லேட்டா முறுக்குனா போர்வ சும்மா சுத்தும். அதானே?”

“அதேதான் மாமா.”

“அப்ப தண்ணி எவ்ளோ எறங்குதுன்னு வருஷா வருஷம் பாக்கணும்.”

பார்த்தேன். இடது கீழ் அறையில் நிறைகிற ரத்தத்தில் ஒவ்வொரு துடிப்புக்கும் நூற்றுக்கு எத்தனை பங்கு வெளியே போகிறது என்பது ஒரு கணக்கு. படத்தை நிறுத்தி, அறை விரிந்திருக்கும்போது ஓரத்தைச் சுற்றிக் கோடு போட்டு, சுருங்கியிருக்கும்போது மறுபடி கோடு போட்டால் மெஷின் சொல்லிவிடும். 2006இல் அறுபத்தொன்று. 2007இல் ஐம்பத்தெட்டு. இரண்டும் நல்ல எண்கள், இரண்டும் நான் கோடு போட்டு எடுத்தவை.

2008இல் திருவந்திபுரத்தில் ஒரு கல்யாணம். முகூர்த்தம் முடிந்து எல்லோரும் எதிரே மலைக்கோயிலுக்குப் படி ஏறினோம். அவர் நாலு இடத்தில் நின்றார். மேலே போய்ச் சேர்ந்ததும் தூணைப் பிடித்துக்கொண்டு மூச்சிரைக்கத் தன் மணிக்கட்டைப் பிடித்து எண்ணினார். பிறகு என்னைக் கூப்பிட்டார்.

“கீழ எழுபது. மேலயும் எழுபது. எனக்கு இன்னா மூச்சு வாங்குது பாரு. முள்ளு ஆடல மாப்ள.”

“பேஸ்மேக்கர் எழுபதுன்னு செட் பண்ணியிருக்கு மாமா. எழுபதுதான் காட்டும்.”

“அத்தத்தான் நானும் சொல்றேன். எழுபதுங்கறது பொட்டியோட நம்பர். என் நம்பர் எங்க?”

அடுத்த செவ்வாய்க்கிழமை சிதம்பரத்துக்கு வந்துவிட்டார். செவ்வாய் எங்களுக்கு இதய ஓ.பி. வராந்தா முழுக்க ஆட்கள், என்னுடன் வேலை பார்க்கும் பெண் லீவு. இவர் படுத்தார். கருவியை வைத்தேன். நடுச்சுவர் கோணலாக உதறியது தெரிந்தது. பேஸ்மேக்கர் வைத்த இதயம் எல்லாமே கொஞ்சம் அப்படித்தான் உதறும் என்று நானே சொல்லிக்கொண்டேன். அவர் கழுத்தைத் திருப்பித் திரையை எட்டிப் பார்த்து, விரலை நீட்டிக் கண்ணாடியைத் தட்டினார். “இதுல முள்ளு எது மாப்ள?”

எனக்கு எரிச்சல் வந்தது. மறைப்பதற்கு ஒன்றுமில்லை, எரிச்சல்தான். நூறு தடவை கேட்ட பேச்சு, வெளியே நாற்பது பேர், மதியம் சாப்பாடு இல்லை. ஃபைலில் போன வருஷத்து ரிப்போர்ட் மேலாகவே இருந்தது. அதைப் பார்த்து ஐம்பத்தெட்டு என்று எழுதினேன். அறையின் அளவு, சுவரின் தடிப்பு, எல்லாவற்றையும் அதிலிருந்தே இறக்கினேன். கோடு போடவில்லை. அளந்திருந்தால் பத்து நிமிஷம் ஆகியிருக்கும்.

“எல்லாம் நல்லாருக்கு மாமா” என்றேன்.

டாக்டர் ரிப்போர்ட்டைப் பார்த்தார். பெட்டியைச் சோதித்தார்கள், பேட்டரி நன்றாக இருந்தது, கம்பி நன்றாக இருந்தது, நாடி எழுபது. இதயம் நன்றாக இருந்தால் மூச்சு ஏன் வாங்குகிறது? எங்கள் ஊரில் இதற்கு விடை தயாராக இருக்கிறது. சிப்காட்டில் வேலை பார்த்தவனுக்கு மூச்சு வாங்கினால் நுரையீரல். ஊரே அந்தக் காற்றைச் சபித்துக்கொண்டிருக்கும்போது வேறொன்றை யார் தேடுவார்கள்? நுரையீரல் டாக்டரிடம் அனுப்பினார்கள். உறிஞ்சுகிற மருந்து கொடுத்தார்கள். அதையும் தட்டிப் பார்த்துவிட்டுத்தான் உறிஞ்சினார்.

“பொகையால இல்ல மாப்ள. பொகைய முப்பது வருஷமா பாக்கறேன். இது வேற” என்று தெருவில் என்னைப் பார்க்கும்போதெல்லாம் சொல்வார்.

“மருந்த ஒழுங்கா எடுங்க மாமா” என்பேன்.

இப்படியே ஒன்றரை வருஷம் போயிற்று. மறு வருஷம் எக்கோவுக்கு அவர் வரவில்லை. நுரையீரல்காரர்கள்தான் பார்த்துக்கொள்கிறார்களே என்று நானும் கூப்பிடவில்லை. கூப்பிடாததில் எனக்கு ஒரு நிம்மதியும் இருந்தது.

2010இல் கால் இரண்டும் வீங்கி, நாற்காலியில் வைத்துத் தள்ளிக்கொண்டு வந்தார்கள். கருவியை வைத்ததுமே தெரிந்துவிட்டது. இடது அறை பை மாதிரி விரிந்து தொங்கிக்கொண்டிருந்தது. கோடு போட்டேன். மறுபடி போட்டேன். மூன்றாவது தடவையும் போட்டேன். இருபத்தெட்டு.

டாக்டர் பழைய ரிப்போர்ட்டுகளைப் புரட்டினார். “போன தடவ அம்பத்தெட்டு இருந்திருக்கே. இவ்ளோ சீக்கிரம் இவ்ளோ எறங்குமா?” என்று என்னைப் பார்த்துக் கேட்டார். சந்தேகப்பட்டுக் கேட்கவில்லை. நிஜமாகவே அவருக்குப் புரியவில்லை. சிலருக்கு இறங்கும் சார் என்றேன். என் குரல் எனக்கே நன்றாக ஞாபகம் இருக்கிறது, நடுங்கவே இல்லை.

புதுச்சேரிக்கு அனுப்பினோம். அங்கே இதயத்தின் பின்புறம் ஓடும் ரத்தக்குழாய் வழியாக இடது அறைக்கும் ஒரு கம்பி வைத்தார்கள். இரண்டு பக்கமும் ஒன்றாக முறுக்கட்டும் என்றுதான். நாலு மாதம் தெம்பாக இருந்தார், ஒருநாள் துறைமுகம்வரை நடந்துகூடப் போய்வந்தார். பிறகு கால் மறுபடி வீங்கியது. தளர்ந்த சதை திரும்பவில்லை. அங்கிருந்த டாக்டர் அத்தையிடம், “ரொம்ப லேட்டா வந்துட்டீங்கம்மா. ஒரு வருஷம் முன்னாடியே வந்திருக்கணும்” என்று சொல்லியிருக்கிறார். அத்தை அதை என்னிடம் வந்து சொல்லி அழுதார். எங்கள் கவனக்குறைவுதான் தம்பி, நான்தான் அந்த உறிஞ்சுற மருந்தே போதும்னு இருந்துட்டேன் என்றார். நான் அத்தைக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தேன். வேறு என்ன செய்தேன்? ஒன்றும் செய்யவில்லை.

2012 ஜனவரியில் இறந்தார். கடலூரில் ஓர் ஆஸ்பத்திரியில், காலை பத்து மணிக்கு. நான் போய்ச் சேர்ந்தபோது இ.சி.ஜி. எடுத்துக்கொண்டிருந்தார்கள். புதிதாக வேலைக்கு வந்த நர்ஸ் பெண் தாளைப் பிடித்துக்கொண்டு திகைத்து நின்றது.

“சார், இன்னும் கோடு வந்துகினே இருக்கு.”

“அது பொட்டியோடது. வரும்” என்றேன்.

தாளில் ஒரே இடைவெளியில் குச்சி குச்சியாகக் கோடுகள். நிமிஷத்துக்கு எழுபது. அவை ஒவ்வொன்றுக்கும் பின்னால் இதயம் எழுதியிருக்க வேண்டிய இடம் வெறுமையாக இருந்தது. அவருடைய நண்பரின் லாக் புக்கை நான் பார்த்ததில்லை. இப்படித்தான் இருந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். எரிக்கும்போது பெட்டி வெடிக்கும் என்பதால் அதை வெளியே எடுக்கச் சொல்லி நான்தான் ஏற்பாடு செய்தேன். அத்தை என் கையைப் பிடித்துக்கொண்டு, புள்ள மாதிரி கூட நின்னியே என்றார்.

இதற்குப் பத்து நாள் முன்பு நடந்ததைச் சொல்லாமல் தள்ளிக்கொண்டே வந்துவிட்டேன்.

புயல் அடித்து ஓய்ந்த நேரம். தெருவில் பாதி வீட்டுக்கு மேல்கூரை இல்லை, கரண்ட் வந்து சேரவில்லை. அவர் வீட்டு ஓடு பறந்த இடத்தில் நீலத் தார்ப்பாய் கட்டியிருந்தார்கள். அதன் வழியாக வந்த வெளிச்சத்தில் வீட்டுக்குள் எல்லாமே நீலமாக இருந்தது. படுத்தால் மூச்சு முட்டும் என்பதால் சாய்வு நாற்காலியில் தலையணைகளை அடுக்கி உட்காரவைத்திருந்தார்கள். மடியில் அவருடைய ஃபைல். ரிப்போர்ட்டுகளைத் தேதிவாரியாக வரிசைப்படுத்தி, அவற்றில் மூன்றைத் தனியே எடுத்துத் தொடைமேல் பரப்பி வைத்திருந்தார்.

“ஒக்காரு மாப்ள. கரண்ட் இல்ல, டிவி இல்ல. சும்மா இத்த பாத்துகினு இருந்தேன்.”

உட்கார்ந்தேன். அவர் முதல் தாளில் விரலை வைத்தார். பேசுவதற்கு இடையிடையே நிறுத்தி மூச்சு வாங்க வேண்டியிருந்தது.

“இது ரெண்டாயிரத்தாறு. அறுபத்தொண்ணு. இது ஏழு. அம்பத்தெட்டு. ஆடியிருக்கு. செரி.” விரல் மூன்றாவது தாளுக்கு நகர்ந்தது. “இது எட்டு. அம்பத்தெட்டு. அதுவாவது பரவால்ல, ஒரே மாதிரி வந்திருக்கும். ஆனா இந்த அளவு பாரு, அதே. இந்தச் செவுரு தடிப்பு, அதே. புள்ளிக்கு அப்பறம் இருக்கற நம்பர்கூட அதே. மொத்தம் ஒம்போது நம்பர். ஒண்ணுகூட ஆடல.”

அடுப்படியில் அத்தை பாத்திரம் கழுவும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. நான் அந்தத் தாளையே பார்த்துக்கொண்டிருந்தேன். கீழே என் கையெழுத்து, என் பெயர்.

“அன்னிக்கு அளந்தியா மாப்ள?”

அவர் குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். இல்லை மாமா என்ற இரண்டு சொல் போதும். அவருக்கு இனி அதனால் உயிர் வரப்போவதில்லை, ஆனால் புகையால் இல்லை, தன் கவனக்குறைவால் இல்லை, தான் சொன்னதுதான் சரி என்று தெரிந்துகொண்டு போயிருப்பார். அத்தையும் தன்னையே நொந்துகொள்ள மாட்டார். அவர் என்னிடம் கேட்டது அவ்வளவுதான்.

“அளந்தேன் மாமா” என்றேன்.

அவர் நாற்காலியிலிருந்து மெல்ல முன்னால் சாய்ந்தார். வீங்கிய கையைத் தூக்கி, நடுவிரலை மடக்கி, என் நெஞ்சில் இரண்டு தட்டு தட்டினார். மூக்குக்கண்ணாடியை மேலே ஏற்றிக்கொண்டார். தலையைச் சாய்த்து, என் முகத்தைப் பார்த்தபடி காத்திருந்தார்.

நான் அசையவில்லை.

வெகுநேரம் பார்த்தார். பிறகு மூன்று தாளையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து, ஓரம் சேர்த்துத் தட்டி, ஃபைலுக்குள் வைத்து நாடாவைக் கட்டினார்.

“செரி” என்றார். அடுப்படிப் பக்கம் திரும்பி, “இந்தாம்மா, மாப்ளைக்கு டீ போட்டுக் குடு” என்றார்.

அத்தை டீ கொண்டுவந்தார். சர்க்கரை ஜாஸ்தியாக இருந்தது. முழுவதையும் குடித்துவிட்டுத்தான் எழுந்து வந்தேன்.